தோலைப் பார்த்து வாங்கிய கார்

பள்ளிகொண்டா டோல்கேட்டைத் தாண்டியதும் வண்டி ஒரு விக்கல் விக்கிவிட்டு நின்றது. சம்பத் பதறவில்லை. இறங்கினார். செருப்பைக் கழற்றினார். ரங்கநாதர் கோயில் இருக்கும் திசையைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

கோபுரம் அங்கிருந்து தெரியாது. ஆனால் ஆம்பூர் போகிற கம்பெனி பஸ் அந்த வழியாகத்தான் வரும். பஸ்ஸில் இருக்கிறவர்கள் வண்டி நின்றுவிட்டது என்று நினைக்கக் கூடாது. சம்பத் நிறுத்தியிருக்கிறார் என்றுதான் நினைக்க வேண்டும். அந்த இரண்டுக்கும் நடுவில்தான் அவருடைய உத்தியோக உயர்வு மாட்டிக்கொண்டிருந்தது.

சாலையோரத்தில் பூ விற்கும் செண்பகம் கூடையோடு பக்கத்தில் வந்தாள்.

"இன்னாண்ணா, இன்னிக்கி சீக்கிரமாவே நின்னுடுச்சா?"

"நிக்கல செண்பகம். நிறுத்தினேன்."

"சரி, நிறுத்திட்டீங்க. ஆறதுக்கு எவ்ளோ நேரம் ஆவும்?"

"அரை மணி."

"அப்ப ரெண்டு முழம் வாங்கிக்குங்க. வெறுங்கையோட நின்னா ஜனங்களுக்கு சந்தேகம் வரும்."

சம்பத் வாங்கிக்கொண்டார். பள்ளிகொண்டாவில் பெருமாள் படுத்திருக்கிறார் என்பது ஊருக்கே தெரியும். வண்டியும் அங்கேதான் படுக்கும் என்பது செண்பகத்துக்கு மட்டும் தெரியும்.

சம்பத்துக்கு ஆம்பூரில் ஒரு டேனரியில் செலக்‌ஷன் வேலை. பதப்படுத்திச் சாயம் ஏற்றி முடிந்த தோல் மேஜைக்கு வரும். அதைத் தடவி, மடித்து, மோந்து பார்த்து, இது முதல் ரகம், இது இரண்டாம் ரகம், இது தூக்கிப் போடு என்று பிரிக்க வேண்டும். இயந்திரம் வராத வேலை. கைதான் கணக்கு. சம்பத்தின் கட்டைவிரலைப் பற்றி ஆம்பூரில் கதைகளே உண்டு. ஒரு நாள் கரண்ட் போன இருட்டில் ஒரு தோலைத் தடவிவிட்டு, "இந்த ஆடு முள்வேலி தாண்டற ஆடு" என்றாராம். விளக்கு வந்ததும் பார்த்தால் வயிற்றுப் பக்கம் நீளமாய் ஒரு கீறல். வேலி எந்த ஊர் வேலி என்பதையும் சொல்லியிருப்பார், அதற்குள் சாப்பாட்டு மணி அடித்துவிட்டது என்பார்கள்.

அப்பேர்ப்பட்ட கைக்கு மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு களங்கம் வந்தது. ஒரு பிரவுன் தோல் லாட்டுக்குச் சம்பத் முதல் ரகம் என்று முத்திரை போட்டார். முதலாளி நசீர் அகமது சாப் அதைத் தொட்டுப் பார்த்து முகம் சுளித்தார். பக்கத்து மேஜையில் செலக்‌ஷன் பார்க்கும் மதியழகன் ஒரு தோலைத் தூக்கி, கதவைத் தட்டுவது மாதிரி விரல் முட்டியால் தட்டி, "உள்ள யார்னா இருக்கீங்களா?" என்று கேட்டான். மேஜையே சிரித்தது. சாப்பும் சிரித்தார்.

"தோலா இது? மரக்கட்டை," என்றார் சாப்.

"பழகப் பழக இறங்கும் சாப். இழை நல்லாருக்கு. மெதுவா ஆயிடும்."

"பழகறதுக்கு இது இன்னா மாமியாரா? எடுத்துட்டுப் போகச் சொல்லு."

லாட்டு அன்றைக்கே வாசலைத் தாண்டிப் போனது. அதிலிருந்து சம்பத் எந்தத் தோலைத் தொட்டாலும் மதியழகன் ஒரு முறை தட்டிப் பார்ப்பான்.

இப்போது செலக்‌ஷன் மாஸ்டர் கோவிந்தசாமி இந்த மாதத்தோடு ரிட்டயர் ஆகிறார். அந்த நாற்காலிக்கு இரண்டே பேர்தான். ஒன்று சம்பத், இன்னொன்று மதியழகன். சாப் இன்னும் வாயைத் திறக்கவில்லை.

இந்த நிலையில்தான் கார் வந்தது.

சத்துவாச்சாரியில் ஒரு பல் டாக்டர் தன் காரை விற்கிறார் என்று கேள்விப்பட்டு, சம்பத் மனைவி கமலத்தோடு பார்க்கப் போனார். வெளிநாட்டுக் கம்பெனியின் சின்னக் கார். இரண்டே கதவு. தவளைக்கு ஆச்சரியம் வந்த மாதிரி உருண்டைக் கண். அளவில் ஆட்டோவைவிடக் கொஞ்சம் பெரிசு. மதிப்பில் நாலு பெரிய காருக்குச் சமம் என்று விவரம் தெரிந்தவர்கள் சொல்வார்கள்.

சம்பத் உள்ளே உட்கார்ந்தார். சீட்டின் மேல் கையை வைத்தார். அவ்வளவுதான், உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. பிரவுன் தோல். வெண்ணெய் மாதிரி வழுக்கல், ஆனால் உள்ளே ஒரு உறுதி. கண்ணை மூடினார். மோந்தார். கட்டைவிரலால் அழுத்தி எடுத்தார். அழுத்திய குழி அவசரமே இல்லாமல் மேலே வந்தது. ரொம்ப நாள் பழகிய ஆளைப் பார்த்த மாதிரி இருந்தது அவருக்கு.

"ஃபாரின்காரன் ஃபாரின்காரன்தான்," என்றார்.

"பானெட்டைத் தூக்கிப் பாருங்க," என்றாள் கமலம்.

"எதுக்கு? இவ்ளோ நல்ல தோல் போட்டவன் இன்ஜின்ல இன்னா குறை வச்சிருக்கப் போறான்?"

பல் டாக்டர் நேர்மையான மனிதர். "சீட்டுதான் சார் இந்த வண்டியிலேயே நல்லது," என்றார்.

எவ்வளவு அடக்கம் என்று சம்பத் நினைத்துக்கொண்டார். வாசலில் கட்டிப் போட்டிருந்த டாக்டரின் நாய் மட்டும் காரையே பார்த்து நாக்கைச் சப்புக் கொட்டிக்கொண்டிருந்தது.

மறுநாளே டேனரி முழுக்கச் செய்தி பரவிவிட்டது. பரப்பியவர் சம்பத்தேதான். "தொட்டேன், வாங்கினேன். பானெட்டைத் திறக்கவே இல்ல. கை சொல்லிடுச்சு."

சாப்பின் காதுக்கும் போனது. "அப்ப கை சரியாய்டுச்சா? பாப்போம், பாப்போம்," என்றார்.

அந்தப் 'பாப்போம்'தான் சம்பத்தைக் கெடுத்தது. வண்டி நன்றாக ஓடினால் கை சரி, நாற்காலி சம்பத்துக்கு. வண்டி நின்றால் கை இரண்டாவது தடவையும் பொய் சொன்னதாக ஆகிவிடும்.

வண்டி முதல் வாரமே நின்றது. பிறகு அதையே பழக்கமாக வைத்துக்கொண்டது. வீடு இருக்கும் காட்பாடியிலிருந்து கிளம்பும்போது குதிரை மாதிரி வரும். டோல்கேட்டில் ஊர்ந்து ஊர்ந்து சூடேறியதும் உட்கார்ந்துவிடும். அரை மணி ஆறவிட்டால், ஒன்றுமே நடக்காத மாதிரி மறுபடி குதிரை. சாயங்காலம் திரும்பும்போது ஒரு சர்ச்சுக்கு எதிரே நிற்கும். சம்பத் அங்கே ஒரு மெழுகுவத்தி ஏற்றிவிட்டு வருவார். வெள்ளிக்கிழமைகளில் கூட்டம் பார்த்துச் சீக்கிரமே சூடாகி ஒரு தர்காவுக்குப் பக்கத்தில் நிற்கும்.

ஒரு நாள் கமலம் சட்டையைத் துவைக்க எடுத்தவள், பையிலிருந்து துளசியும், கையிலிருந்து மெழுகும், காலரிலிருந்து மயிலிறகுத் தூளும் எடுத்துத் தரையில் வரிசையாக வைத்தாள்.

"இன்னாங்க, ஸ்கூல் சர்டிபிகேட்டுல இன்னா மதம்னு போட்டிருக்கு நம்மளை?"

"எல்லாம் ஒண்ணுதான் கமலம்."

"சாமி ஒண்ணுதான். வண்டி எத்தினி எடத்துல நிக்குதுன்னு கேக்கறேன்."

"நிக்கல. நிறுத்தறேன்."

"நான் கணியம்பாடிக்கு அம்மா வீட்டுக்குப் போறேன்," என்றாள் கமலம். "பஸ்லயே போய்க்கறேன். எனக்கு ஒரு சாமி போதும்."

அன்றிலிருந்து அவள் அந்தக் காரில் ஏறவில்லை.

இது தனக்கு மட்டும்தான் நடக்கிறதா என்று தெரிந்துகொள்ளச் சம்பத் அந்தக் கார் வைத்திருப்பவர்களின் வாட்ஸ்அப் குழுவில் சேர்ந்தார். தமிழ்நாடு முழுக்க அந்தக் காரை வாங்கியவர்கள் அதில் இருந்தார்கள். குழுவில் ஒரே புகழ்மாலை. 'ஒரு பிரச்னையும் இல்லை', 'தங்கம்', 'வாங்கினால் இதைத்தான் வாங்க வேண்டும்'. கோயம்புத்தூர் மில்காரர் ஒருவர் ஞாயிறுதோறும் அருவி, மலை, தேயிலைத் தோட்டம் என்று காரின் பக்கத்தில் நின்று படம் போடுவார். 'இயற்கையை ரசிக்க ஒரு சின்ன நிறுத்தம்' என்று எழுதுவார். எல்லோரும் கைதட்டுவார்கள்.

சம்பத் ஒரு படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். மில்காரரின் முழங்கை வரை கரி.

அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அவரும் பள்ளிகொண்டாவில் ஒரு படம் எடுத்து, 'காலை தரிசனம்' என்று போட்டார். நல்ல வரவேற்பு. அன்று ராத்திரியே மில்காரரிடமிருந்து தனிச்செய்தி வந்தது: 'சார், உங்க பக்கம் நல்ல மெக்கானிக் யாராவது இருக்காங்களா? யார்கிட்டயும் சொல்லாதீங்க.'

மெக்கானிக் இருந்தான். பள்ளிகொண்டாவிலேயே, சர்வீஸ் ரோட்டில். பெயர் டேனியல். கெட்டிக்காரன், கையில் எடுத்த வேலையை விடமாட்டான். அதுதான் பிரச்னை.

"மீட்டர்ல ஒரு மஞ்ச லைட்டு எரிஞ்சிக்கிட்டே இருக்கு டேனியல். யார்னா முன்னாடி உக்காந்தா தெரிஞ்சிடும்."

"லைட்டை நிறுத்தினா நோய் போவாதுண்ணா. அந்த சூட்டுக்கு ஒரு பார்ட்டு வரணும், கப்பல்ல."

"நோய் கெடக்கட்டும். மொதல்ல லைட்டு."

டேனியல் லைட்டின் மேல் கறுப்பு டேப் ஒட்டினான். லைட் போய்விட்டது. அதனால் கோபம் வந்த மாதிரி வண்டி 'டொய்ங் டொய்ங்' என்று மணி அடிக்க ஆரம்பித்தது.

மறுநாள் டேனியல் மணிக்குப் போகும் ஃபியூஸைப் பிடுங்கினான். மணி நின்றது. ஆனால் இடது பக்கம் திரும்ப இண்டிகேட்டர் போட்டால் வைப்பர் ஓடியது.

"மழை வந்தா நல்லதுதானே?" என்றான் டேனியல்.

"வேலூர்ல ஏதுப்பா மழை?"

டேனியல் ஒரு வயரை மாற்றினான். இண்டிகேட்டர் சரியாகிவிட்டது. இப்போது பிரேக் போட்டால் வைப்பர் ஓடியது. சம்பத் நாலு நாள் பிரேக் போடாமல் ஓட்டிப் பார்த்தார், முடியவில்லை. டேனியல் இன்னொரு வயரைத் தொட்டான். வைப்பர் திருந்தியது. இடது பக்கக் கதவு கெட்டது. வெளியிலிருந்து இழுத்தால் திறக்கும். ஒரு தரம் உள்ளே உட்கார்ந்து மூடிவிட்டால் மறுபடி எப்போது திறக்கும் என்று அதற்குத்தான் வெளிச்சம்.

"அந்தப் பக்கம் யாருண்ணா உக்காரப் போறாங்க? அண்ணி பஸ்ல போறாங்க."

அது நியாயமாகத்தான் பட்டது.

டேனியலின் ஷெட்டுக்குப் பக்கத்தில் ஜியாவுல்லா என்று ஒருவர் சீட் கவர் தைக்கிறார். மிஷினை விட்டுத் தலையே தூக்க மாட்டார். ஒரு தடவை சம்பத் காத்திருந்தபோது மட்டும், மூக்குக்கண்ணாடியைத் தூக்கிக் காரைப் பார்த்துச் சிரித்தார்.

"சீட்டு நல்லா உழைக்குதா சார்?"

"இன்னா அப்டி கேட்டுட்டீங்க பாய்? ஃபாரின் தோல். நம்ம ஊர்ல எவனும் இதுக்குக் கிட்டவே வர முடியாது."

"சரிங்க சார்," என்று ஜியாவுல்லா மறுபடி மிஷினை மிதிக்க ஆரம்பித்தார்.

சம்பத்துக்கு அதுதான் ஆறுதல். இன்ஜின் எப்படியோ போகட்டும், தோல் விஷயத்தில் கை பொய் சொல்லவில்லை.

இதற்கிடையில் டேனரியில் அவருக்கு வேறு ஒரு பெயர் கிடைத்துவிட்டது. தினமும் லேட்டாக, கையில் பூவும் நெற்றியில் நாமமுமாக வருகிற மனுஷனை யாரும் கோபிக்க முடியவில்லை. மேஜைப் பெண்கள் எழுந்து நின்றார்கள். அவர்களில் மெர்சி என்பவள் தன் பிள்ளையின் பரீட்சைக்கு வேண்டிக்கொள்ளச் சொன்னாள். பள்ளிகொண்டாவில் கோயில் ஆட்கள் அவரைப் பிடித்துத் திருவிழாக் கமிட்டியில் போட்டுவிட்டார்கள். கமிட்டிக் கூட்டம் ஞாயிற்றுக்கிழமை. ஆகவே ஞாயிற்றுக்கிழமையும் வண்டியை எடுத்தார். தானாக நிற்கும் என்று சம்பத் பிரேக்கைத் தொடவில்லை, அன்றைக்குப் பார்த்து அது நிற்காமல் நேராக ஆம்பூர் வரை போய்விட்டது. சம்பத் திரும்பி வருவதற்குள் கூட்டம் முடிந்து, அவர் வராததால் அவரையே தலைவராக்கிவிட்டிருந்தார்கள்.

மதியழகன் மட்டும் எதையும் நம்பவில்லை. அவன் கம்பெனி பஸ்ஸில் ஜன்னலோரம் உட்காருகிறவன்.

"சம்பத்து, பெருமாளைக் கும்பிடறவன் எதுக்குய்யா பானெட்டைத் திறந்து வச்சிட்டு கும்பிடறான்?"

"வண்டிக்கும் தரிசனம்."

மதியழகன் சிரித்தான். அந்தச் சிரிப்பு சம்பத்துக்குப் பிடிக்கவில்லை.

மாதக் கடைசி வந்தது. கோவிந்தசாமிக்கு மாலை போட்டு அனுப்பியாயிற்று. சாப் சென்னைக்குப் போக வேண்டும். காட்பாடியில் ரயில் பிடிக்க வேண்டும். அவர் காரை மகள் எடுத்துக்கொண்டு போயிருந்தாள். டாக்ஸி சொல்லலாமா என்று ஆபீஸில் பேசிக்கொண்டிருந்தபோது மதியழகன் முன்னால் வந்தான்.

"டாக்ஸி எதுக்கு சாப்? நம்ம சம்பத்து வண்டி இருக்குதே. கை பொறுக்கின வண்டி."

சாப்பின் முகம் மலர்ந்தது. "ஆமா, நானும் பாக்கணும்னு இருந்தேன். மாஸ்டர் யாருன்னு மெட்ராஸ் போறதுக்குள்ள சொல்லிடறேன்னு ஆபீஸ்ல வாக்கு குடுத்திருக்கேன். வண்டியிலயே முடிவு பண்ணிடலாம். சம்பத், வண்டியை எடு."

"சாப், எனக்குக் கொஞ்சம் வயிறு..."

"கோயில் கமிட்டித் தலைவருக்கு வயிறு இன்னா பண்ணும்? எடு."

"நானும் வர்றேன் சாப், பெட்டி தூக்க ஆளு வேணுமே," என்றான் மதியழகன்.

மதியழகன் ஆறடி. அந்தக் காரின் பின் சீட்டு, நாயைத் தவிர வேறு யாருக்கும் போதாது. முட்டி காதைத் தொட, டப்பாவுக்குள் மடித்து வைத்த தோல் மாதிரி உள்ளே போனான். சாப் கனத்த உடம்பு. முன்னால் உட்கார்ந்து கதவை இழுத்தார். 'டக்' என்று மூடியது. சம்பத் அந்தக் கதவை ஒரு முறை பார்த்துவிட்டுச் சாவியைத் திருப்பினார்.

மாதனூர் வரை குதிரை. சாப் ஜன்னலில் கையை வைத்துக்கொண்டு, "பரவால்லயே, பரவால்லயே," என்றார். பின்னால் மதியழகனுக்குப் பேச நெஞ்சு விரிய இடமில்லை.

டோல்கேட்டில் அன்றைக்குப் பார்த்து வரிசை. சம்பத் தெரிந்த சாமியையெல்லாம் கூப்பிட்டார். அவருக்கு இப்போது நிறையச் சாமிகள் தெரியும். வண்டி ஊர்ந்தது. சூடேறியது. டேப் ஒட்டிய இடம் உரிந்து மஞ்சள் வெளிச்சம் எட்டிப் பார்த்தது. டோல்கேட் தாண்டியதும் வைப்பர் தானாக எழுந்து, கொளுத்தும் வெயிலில் காய்ந்த கண்ணாடியைக் 'கிரீச் கிரீச்' என்று துடைக்க ஆரம்பித்தது. பிறகு விக்கல். பிறகு அமைதி.

வைப்பர் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

"சாப்," என்றது பின் சீட்டு, ஆனந்தமாக. "வண்டி நின்னுடுச்சு."

"நிக்கல," என்றார் சம்பத். "நிறுத்தினேன். பெருமாளுக்கு ஒரு கும்பிடு போட்டுட்டு..."

செண்பகம் கூடையோடு ஜன்னலுக்கு வந்தாள். "இன்னாண்ணா, சாயங்காலம் சர்ச்சாண்ட தானே நிக்கும்? அது இன்னிக்கி இங்கியே பூட்ச்சா?"

சாப் திரும்பிச் சம்பத்தைப் பார்த்தார். கதவைத் திறக்கப் பார்த்தார். திறக்கவில்லை. தோளால் இடித்தார். வண்டி ஆடியது, கதவு ஆடவில்லை. பின்னால் மதியழகன் ஐயோ என்றான்.

"இதுவும் நீ நிறுத்தினதா?"

சம்பத் ஓடிப்போய் டேனியலைக் கூட்டி வந்தார். டேனியலும் நாலு பேருமாய் வண்டியைத் தள்ளிக்கொண்டு ஷெட்டு நிழலில் விட்டார்கள். கதவை மட்டும் அசைக்க முடியவில்லை. டிரைவர் பக்கமாக வரலாம் என்றால், சாப்பின் உடம்பும் கியர் குச்சியும் ஒத்துப்போகவில்லை. டிரைவர் சீட்டு மடங்காது, சாப் எழுந்தால்தான் பக்கத்துச் சீட்டு மடங்கும். சீட்டு மடங்கினால்தான் மதியழகன் வெளியே வரலாம். ஆகவே இரண்டு பேரும் உள்ளேயே இருந்தார்கள். சம்பத் வெளியே ஜன்னலோரம் நின்றார்.

"டிரெயின் போச்சு," என்றார் சாப், கைக்கடிகாரத்தைப் பார்த்து.

"டிரெயின் மட்டுமா சாப்?" என்றான் மதியழகன். "கையும் போச்சு. தொட்டேன் வாங்கினேன்னு சொன்னாரே."

"சாப், இன்ஜினை நான் பாக்கல," என்றார் சம்பத். "எனக்கு இன்ஜின் தெரியாது. தோலைப் பாத்துதான் வாங்கினேன். தோல் மட்டும் பாருங்க சாப். அது பொய்யில்ல."

சாப் வேறு வழியில்லாமல், உட்கார்ந்திருந்த சீட்டின் மேல் கையை வைத்தார். வைத்த கை நின்றது. இன்னொரு கையையும் வைத்தார். கண்ணாடியைக் கழற்றினார். குனிந்து மோந்தார். கட்டைவிரலால் அழுத்திவிட்டுக் காத்திருந்தார். குழி அவசரமே இல்லாமல் மேலே வந்தது.

"மாஷா அல்லாஹ்," என்றார்.

ரயிலை மறந்துவிட்டார். எங்கப்பா காலத்திலிருந்து தோல் பார்க்கிறேன், இந்த மாதிரி பார்த்ததில்லை என்றார். "மெதுவா இருக்கு, ஆனா தொய்யல. கலர் பாரு, எவ்ளோ ஆழம்! மதியழகா, நீ சொல்லு."

மதியழகனுக்கு அசைக்க முடிந்தது ஒரு கைதான். அந்தக் கையால் பக்கத்தைத் தடவினான். அவனும் தோல்காரன்தானே, முகம் மாறிவிட்டது.

"ஃபர்ஸ்ட் கிளாஸ் சாப். இத்தாலியா இருக்கும். இத இந்தியாவுல எவனும் பண்ண முடியாது. நான் எழுதியே தர்றேன்."

"கேட்டியா சம்பத்? இதுக்குப் பேருதான் தோல்." சாப்பின் குரலில் இப்போது கோபம்கூட இல்லை, வருத்தம்தான். "இதைத் தொட்டுப் பாத்த கைதானே உன் கை? அன்னிக்கு அந்த பிரவுன் லாட்டுக்கு ஃபர்ஸ்ட் போட்டியே, அது எங்க, இது எங்க? அது மரக்கட்டை. இது ராஜா. வித்தியாசம் தெரியாதவனை நான் எப்படி மாஸ்டர் நாற்காலியில உக்கார வைக்கறது?"

அன்று போலவே இன்றும் சம்பத்துக்கு, பழகப் பழக இறங்கும் என்று சொல்ல வாய் வந்தது. எதைப் பற்றிச் சொல்வது என்று தெரியாமல் மூடிக்கொண்டார்.

"அன்னிக்கே கரெக்டா தட்டிப் பாத்துச் சொன்னவன் மதியழகன்," என்றார் சாப். "ஒண்ணாந் தேதியிலருந்து மாஸ்டர் அவன்தான். இன்னாப்பா, சந்தோஷமா?"

"ரொம்ப சாப்," என்றான் மதியழகன், முட்டிகளுக்கு நடுவிலிருந்து.

டேனியல் தலையைச் சொறிந்தான். "கதவைத் திறக்க முடியாதுண்ணா. சீட்டைக் கழட்டி எடுத்தாத்தான் சாப்பை வெளியில எடுக்க முடியும். அதுக்கு ஜியா பாய்தான் சரி."

ஜியாவுல்லா மிஷினை நிறுத்திவிட்டு, ஸ்பேனரோடு டிரைவர் பக்கமாக உள்ளே குனிந்தார். சாப் பதறிவிட்டார்.

"பாத்து, பாத்துப்பா! ஃபாரின் தோல். ஒரு கீறல் பட்டாலும் மறுபடி எங்கயும் கிடைக்காது."

"பயப்படாதீங்க சாப், நான் தச்ச சீட்டுதான்," என்றார் ஜியாவுல்லா, போல்ட்டைத் தேடிக்கொண்டே. "பல் டாக்டர் வீட்டு நாய் கம்பெனி சீட்டைக் கடிச்சுக் குதறினப்போ, மரக்கட்டைன்னு உங்க டேனரி வாசல்ல ஒரு பிரவுன் லாட்டை எடைக்குப் போட்டீங்களே, அந்தத் தோல்தான் இது."